நான்கு சக்கர ஷண்டிங் எஞ்சினின் மாதிரியைத் தகட்டிலிருந்து உருவாக்கும் முறை

இங்கிலாந்தின் லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வே, துறைமுகங்களின் குறுகிய வளைவுகளில் சரக்குப் பெட்டிகளை நகர்த்துவதற்காக, 1891 முதல் 1910 வரை தனது ஹார்விச் பணிமனையில் 57 சிறிய நீராவி எஞ்சின்களைக் கட்டியது. ‘பக்’ என்று அழைக்கப்படும் இவ்வகையையே முதன்முறை முயல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பேன். இதற்கு நான்கே சக்கரங்கள். நீராவியைத் திறந்து மூடும் வால்வு இயக்கம், அச்சுகளைத் தாங்கும் இரு பக்கச் சட்டங்களுக்குள் மறைந்துவிடுகிறது. மோதலைத் தாங்கும் முனைகளான பஃபர்களும் சுருள்வில் இல்லாத மரக்கட்டைகளே.

ஓர் அடிக்கு 4 மி.மீ. என்னும் அளவில், 5 அடி 9 அங்குல அச்சு இடைவெளி சரியாக 23 மி.மீ. ஆகிறது. மூன்றடிக்குச் சற்றே கூடுதலான சக்கரம் 12 மி.மீ. விட்டத்தில் அமைகிறது.

கொதிகலனைச் செய்யத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வேலையை, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்க்கும் இரு பக்கத்து இணைப்புத் தண்டுகளிலிருந்தே தொடங்க வேண்டும். நான் முதலில் செய்த எஞ்சினில் சட்டத்தையும் தண்டையும் தனித்தனியே அளந்து துளையிட்டேன், 0.2 மி.மீ. வேறுபாடு வந்தது, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை திக்கி நின்றது. இரண்டு நிக்கல் சில்வர் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) பட்டைகளைப் பற்றாசு வைத்து ஒட்டி, 23 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. துளைகள் இரண்டு இடுங்கள். அதே பட்டைகளை, இதேபோல் ஒன்றாக ஒட்டிய இரு சட்டத் தகடுகளின் மேல் இறுக்கிப் பிடித்து, அந்தத் துளைகளின் வழியாகவே சட்டங்களையும் துளையிடுங்கள். அப்போது உங்கள் 23 மி.மீ. உண்மையில் 22.9 ஆக இருந்தாலும் பாதகமில்லை. தண்டும் சட்டமும் ஒன்றுபோல இருப்பதே முக்கியம். பிறகு சூடேற்றினால் தகடுகள் பிரிந்துவிடும். சட்டத்தின் துளைகளை மட்டும் அச்சுத் தாங்கிகள் பொருந்தும் அளவுக்குச் சிறிது சிறிதாகப் பெரிதாக்குங்கள்.

சக்கரங்களை மாட்டும்போது ஒரு பக்கத்துக் கிராங்க் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முளை உள்ள பகுதி), மறுபக்கத்துக் கிராங்கிற்கு 90 பாகை முன்னே நிற்க வேண்டும். அந்தக் கோணம் ஓரிரு பாகை பிசகினாலும் ஓடும். இரண்டு அச்சுகளிலும் அதே பிசகு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டாரைப் பொருத்துவதற்கு முன், சற்றே சாய்த்த கண்ணாடியில் வைத்தால் சட்டம் தானாக உருண்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கிராங்க் முளையில் மை தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அந்தத் தண்டின் துளையை மட்டும் மயிரிழை அளவு அகலப்படுத்துங்கள்.

ஓர் அச்சை மேலும் கீழும் அசையாமல் வைத்து, மற்றதை நடுவில் ஒரு கம்பியின் மேல் ஊசலாடும்படி அமைத்தால், நான்கு சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் பெறும். மணிக்கு 8 கி.மீ. என்னும் ஷண்டிங் வேகத்திற்கு மாதிரியின் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 46 சுற்றுகளே சுற்ற வேண்டும். ஆகவே மோட்டார் 60 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் 60:1 பல்சக்கரப் பெட்டி பொருத்தமானது.

கொதிகலனின் முதுகில் சேணம் போல அமரும் தண்ணீர்த் தொட்டிக்கு 0.25 மி.மீ. பித்தளைத் தகடு போதும். ரிவெட் தலைகளைத் தகட்டின் பின்புறத்திலிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்தி எடுப்பதை வளைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வளைந்தபின் வரிசை நேராக வராது. பிறகு தகட்டை மங்கிய சிவப்பு தெரியும்வரை சூடாக்கி ஆறவிட்டு, கணினி மவுஸ் வைக்கும் ரப்பர் விரிப்பின் மேல் கிடத்தி, பூரிக்கட்டையால் மாவு தேய்ப்பதுபோல ஓர் இரும்புக் குழாயால் உருட்டுங்கள். தகடு சற்று விரிந்து திரும்பும் என்பதால், குழாய் தேவையான வளைவைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

தொட்டிக்குள் எஞ்சும் இடமெல்லாம் ஈயத்திற்கு உரியது. எடை இல்லாத சிறிய எஞ்சின் இழுக்காது, மின்சாரமும் சீராகப் பெறாது. மூடுமுன் ஒரு மெல்லிய கம்பியின் மேல் எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். அது இரு அச்சுகளுக்கும் நடுவே சமநிலையில் நின்றால் ஈயத்தை ஒட்டிவிடலாம்.