அமெரிக்கக் குடியுரிமை இன்டர்வியூ: பாதித் தேர்வு உங்கள் படிவத்திலேயே இருக்கிறது

சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்குத் தேதி வந்ததும் எல்லோரும் வரலாற்றுக் கேள்விகளை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அவை முன்கூட்டியே வெளியிடப்பட்ட கேள்விகள், படித்தால் வந்துவிடும். பலர் தடுமாறுவது தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில்தான். அதிகாரி அதைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்பார். நீங்கள் வாயால் சொல்வதும் அதில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். தயாரிப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: படிவத்தை மறுபடி படியுங்கள்

அனுப்பிய என்-400இன் நகலை அச்செடுங்கள். விண்ணப்பித்த பிறகு மாறியதையெல்லாம் ஓரத்தில் குறியுங்கள்: புது வீடு, புது வேலை, பிறந்த குழந்தை, ஊருக்குப் போய்வந்த பயணம். வீடு மாறியிருந்தால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் இப்போதாவது செய்துவிடுங்கள்.

பயணக் கணக்குதான் அதிகம் பிசகும். பாஸ்போர்ட் முத்திரைகள் மங்கிப்போயிருக்கும், தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகும். விமான டிக்கெட் மின்னஞ்சல்களோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பொது விதி: 5 ஆண்டில் குறைந்தது 30 மாதம் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும், குடிமகனைத் திருமணம் செய்து அந்த வழியில் 3 ஆண்டில் விண்ணப்பித்தவருக்கு 18 மாதம். ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால் தொடர் வசிப்பு முறிந்ததாகவே கருதுவார்கள். முறியவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. வீட்டு வாடகை, வரி, விட்டுப்போகாத வேலை, இங்கேயே இருந்த குடும்பம் ஆகியவற்றின் சான்றுகளைக் கொண்டுபோங்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஊரில் தங்கியவர்கள் மருத்துவமனைக் காகிதங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் என மூன்று வடிவம் இருப்பது நமக்குச் சாதாரணம். அதிகாரிக்கு அவை மூன்று வெவ்வேறு பெயர்கள். 'நீங்கள் பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எல்லாமே இருக்க வேண்டும். விட்டிருந்தால் இன்டர்வியூவில் நீங்களாகவே சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். பெயரை மாற்றிக்கொள்ளவும் இதுவே நல்ல வாய்ப்பு. ஆனால் நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவில்தான் அது முடியும் என்பதால் காத்திருப்பு நீளலாம்.

படி 2: 'ஹேவ் யூ எவர்' கேள்விகள்

படிவத்தில் 'நீங்கள் எப்போதாவது...' என்று தொடங்கும் கேள்விகள் இவை. இங்கேதான் நேரம் செலவழியுங்கள். 'எவர்' என்றால் பிறந்ததிலிருந்து இன்றுவரை, எந்த நாட்டிலும். 'நோ, நோ' என்று தாளம் போட்டுக்கொண்டே போகிறவரை நிறுத்தி, 'டெரரிஸ்ட் என்றால் என்ன?', 'பெர்சிக்யூட் (கொடுமைப்படுத்துதல்) என்றால் என்ன?' என்று அதிகாரி கேட்கலாம். அகராதி விளக்கம் தேவையில்லை. எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படி ஒரு வரி எழுதிப் பழகுங்கள். 'அலீஜன்ஸ்' (விசுவாசம்), 'பேர் ஆர்ம்ஸ்' (ஆயுதம் ஏந்துதல்), 'ஓத்' (உறுதிமொழி) ஆகிய சொற்களையும் விடாதீர்கள்.

- ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது, குடிமக்களுக்கு மட்டுமான வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்தவர்கள் உண்டு. அது உங்களுக்கு நடந்திருந்தால் இன்டர்வியூவுக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.
- படிவத்தில் வரும் 'சைட்டட்' (போலீஸ் குற்றச்சீட்டுக் கொடுத்தது) என்பதில் ஸ்பீடிங் டிக்கெட்டும் அடங்கும். அபராதம் கட்டியாயிற்றே என்று மறைக்காதீர்கள்; கட்டிய ரசீதைக் காட்டுங்கள். கைது என்றால், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், நீதிமன்றத்தின் சான்றிட்ட தீர்ப்பு நகல் வேண்டும்.
- 18 வயதுக்கும் 26க்கும் இடையில் கிரீன் கார்டோடு இங்கே இருந்த ஆண்கள் ராணுவ அழைப்புக்கான பதிவான செலக்டிவ் சர்வீஸில் பதிந்திருக்க வேண்டும். அந்த வயதில் எச்-4, எஃப்-1 போன்ற விசாவிலேயே இருந்தவர்களுக்கு இது பொருந்தாது. அதை நிரூபிக்கும் காகிதம் வைத்திருங்கள்.
- இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஆயுதக் குழுக்கள் பற்றிய கேள்விகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. கட்டாயத்தின் பேரில் கொடுத்த பணமும் உணவும்கூடக் கேள்விக்குள்ளாகலாம். முன்பு அடைக்கல மனுவில் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண் இருக்கக்கூடாது. இதற்கும் வழக்கறிஞர்தான்.

படி 3: கோப்பு

இன்டர்வியூ கடிதம், கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், காலாவதியானவை உட்பட எல்லா பாஸ்போர்ட்டுகளும், வரித்துறையான ஐஆர்எஸ் தரும் வரி டிரான்ஸ்கிரிப்ட் 5 ஆண்டுக்கு (திருமண வழி என்றால் 3), திருமண, விவாகரத்துச் சான்றுகள். தமிழில் உள்ள சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு சேர வேண்டும். மூலமும் நகலும் இரண்டும் வேண்டும்.

படி 4: சிவிக்ஸும் ஆங்கிலமும்

சிவிக்ஸ் என்பது அமெரிக்க வரலாறு, அரசு முறை பற்றிய கேள்விகள். எந்தக் கேள்விப் பட்டியலைப் படிப்பது என்பதை விண்ணப்பித்த தேதிதான் முடிவு செய்யும். 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பின் விண்ணப்பித்தவருக்கு 128 கேள்விகள். 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவருக்குப் பழைய 100, பத்தில் ஆறு. யூடியூபில் கலந்து கிடக்கிறது, ஏமாறாதீர்கள். எல்லாம் வாய்மொழி. உங்கள் மாநில ஆளுநர், செனட்டர்கள், சபாநாயகர் பெயர்களை முந்தின வாரம் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிந்தால் பதில் மாறும்.

வாசிப்பில் மூன்று வாக்கியங்களில் ஒன்று, எழுத்தில் மூன்றில் ஒன்று சரியாக வந்தால் போதும். சொற்பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. எழுதும்போது சொற்களைச் சுருக்கி எழுத வேண்டாம். பல அலுவலகங்களில் டேப்லெட்டில் எழுதச் சொல்வார்கள்.

பெற்றோருக்கு ஒரு வழி: 50 வயதும் கிரீன் கார்டில் 20 ஆண்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆனவருக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை, சிவிக்ஸைத் தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளரோடு சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் என்றால் 20 கேள்விகள் மட்டும் படித்தால் போதும். கணக்கு விண்ணப்பித்த நாளில் பார்க்கப்படும்.

படி 5: அந்த நாள்

பாதுகாப்புச் சோதனைக்கு நேரம் விட்டுப் போய்ச் சேருங்கள். அறைக்குள் நுழைந்ததும் வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதிமொழி. 'டிராஃபிக் எப்படி?' என்ற குசலமும் ஆங்கிலம் பேசும் தேர்வின் பகுதியே. புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள், 'குட் யூ ப்ளீஸ் ரிபீட் தட்?' என்று கேளுங்கள். நம் ஆட்களுக்கு உள்ள 'ஆமாம்' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் வழக்கத்தை அன்று ஒதுக்கிவைத்து, வாயால் 'யெஸ்', 'நோ' சொல்லுங்கள்.

முடிவில் ஒரு தாள் தருவார்கள். மேலும் ஆவணம் கேட்டால் தாளிலுள்ள கெடுவுக்குள் அனுப்புங்கள். தேர்வில் தவறினால் தவறிய பகுதிக்கு மட்டும் 60 முதல் 90 நாளுக்குள் மறுதேர்வு. நிராகரித்தால் 30 நாளுக்குள் என்-336 மூலம் மறுவிசாரணை கேட்கலாம்.

தேறினாலும் உறுதிமொழி விழா முடியும் வரை நீங்கள் குடிமகன் அல்ல. இடையில் வெளிநாடு போனாலோ ஸ்பீடிங் போன்ற டிக்கெட் வாங்கினாலோ விழாப் படிவத்தில் சொல்ல வேண்டும். கிரீன் கார்டை அங்கே ஒப்படைத்து, சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று அங்கேயே பாருங்கள். அதன்பின் இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம். அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கி, இந்தியக் குடியுரிமையைத் துறந்த சான்றைப் பெற்ற பிறகே ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அவசரமாக ஊருக்குப் போக நேரும் என்று தெரிந்தால் இந்த வரிசைக்கான காலத்தையும் கணக்கில் சேருங்கள்.