காட்சியை அறிவின் அடித்தளமாகக் கொள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில் இளையோர் கூடி மெய்யியல் பேசும்போது, "கண்ணால் கண்டதே உண்மை" என்று தொடங்கும் விவாதம் பல நேரங்களில் "புலன்களை நம்பவே கூடாது" என்பதில் போய் நிற்கிறது. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம், புலன்களால் நேரே அறியும் காட்சியையும், கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தறியும் கருதலையும் பிரித்தறியாமையே. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் குலை வெட்டுபவர், மரத்தடியில் சிதறிக் கிடக்கும் செம்மஞ்சள் நிற உதிரிப் பழங்களைப் பார்த்துவிட்டு, மட்டைகளுக்கிடையே பாதி மறைந்திருக்கும் குலை பழுத்துவிட்டது என்கிறார். அவர் கண்டது உதிரிகளை. குலை பழுத்திருப்பது அவர் கருதி அறிந்தது. அவை வேறொரு குலையிலிருந்து விழுந்தவையாக இருந்தால் பிழை கருதலைச் சேர்ந்ததே தவிர, கண்ணைச் சேர்ந்ததன்று.

ஆனால் காட்சியையும் கருதலையும் பிரிக்கும் இந்தக் கோடு நாம் விரும்பும் அளவுக்குத் தெளிவானதன்று. என்னைப் பொறுத்தவரை சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது. தரையில் கிடப்பதைப் "பழம்" என்று காண்பதற்கே பெயரும் இனமும் பற்றிய முன்னறிவு வேண்டும். ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அளவிலான நிருவிகற்பக் காட்சியையும், பெயர், இனம், குணம் முதலியவற்றோடு அறியும் சவிகற்பக் காட்சியையும் சைவ சித்தாந்தம் வேறுபடுத்துகிறது. அந்த மரபின் 13ஆம் நூற்றாண்டு நூலான சிவஞான சித்தியார், ஐயமும் திரிபும் அற்ற காட்சியையே அளவையாக, அதாவது சரியான அறிவைத் தரும் வழியாக, ஏற்கிறது. 1956இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்ஃபிரிட் செல்லர்ஸ் எழுப்பிய வினாவும் இதற்கு நெருங்கியது: கருத்து எதுவும் கலவாத வெறும் புலனுணர்வு, ஒரு நம்பிக்கைக்குக் காரணமாக நின்று அதை நியாயப்படுத்த முடியுமா? ஆகவே, அடித்தளம் என்று சொல்பவர் இவ்விரு காட்சிகளில் எதைக் குறிக்கிறார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஒரு பிழையைக் கொண்டு எல்லாக் காட்சியையும் தள்ளிவிடுவதும் தவறு. நீரில் வளைந்து தெரியும் குச்சி நேரானது என்பதைத் தொட்டும் வெளியே எடுத்துப் பார்த்தும்தான் அறிகிறோம். காட்சியைத் திருத்துவதும் காட்சியே. எல்லாக் காட்சியையும் தள்ளுவதற்குப் பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டைத் துணைக்கழைப்போர், 1641இல் அவர் புலன்மயக்கத்தோடு நின்றுவிடாமல், அது போதாதென்று கனவையும் வஞ்சிக்கும் ஆவியையும் எண்ணிப் பார்த்ததை மறந்துவிடுகிறார்கள்.

கடைசித் தவறு, உரையை, அதாவது பிறர் சொல்லாலும் எழுத்தாலும் அறிவதை, தாழ்த்துவது. காட்சி ஒன்றே அளவை என்று பண்டைய இந்தியப் பொருள்முதல்வாதிகளான உலகாயதர் கூறியதாக மரபு சொல்கிறது. ஆனால் அந்தக் கொள்கையையே கண்ணால் காண முடியாது. தமிழகத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்திறங்கிய பாட்டனைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் அறிந்திருப்பது, பெரியவர்கள் சொன்னதாலும் பழைய ஆவணங்களாலும்தான். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதிக்கலாம். நேரில் காணவில்லை என்பதற்காக மட்டும் அறிவல்ல என்று ஒதுக்கக் கூடாது.