கிரேக்கப் புராணத் தலையணி: அடிச்சட்டத்தை மறப்பதால் வரும் தவறுகள்

மாறுவேடத்துக்கான தலையணியை வீட்டிலேயே செய்ய முனையும் பலர் முதலில் ரப்பர் பாம்புகளையும் செயற்கை இலைகளையும் பொன்னிறப் பெயிண்ட்டையும் வாங்கிவிடுகிறார்கள். அவற்றைச் சுமக்க வேண்டிய அடிச்சட்டமோ, கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்த ஒரு மெல்லிய ஹேர்பேண்டாக முடிந்துவிடுகிறது. யாருடைய தலையணி, அது தலையில் எப்படி உட்காரும் என்ற இரண்டையும் முடிவுசெய்த பிறகே அலங்காரத்துக்கு வர வேண்டும்.

பொன்னிற இலை வளையம் ஒன்று இருந்தால் எந்தக் கிரேக்கத் தெய்வத்துக்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு. லாரல் என்னும் மரத்தின் இலை அப்பல்லோவுக்கு உரியது; அவனிடமிருந்து தப்பி ஓடிய டாஃப்னி அந்த மரமாக மாறினாள் என்பது கதை. டெல்ஃபியில் அவனுக்காக நடந்த போட்டிகளில் வென்றவர்களுக்கு லாரலும், ஜீயஸுக்காக ஒலிம்பியாவில் நடந்தவற்றில் வென்றவர்களுக்குக் காட்டு ஆலிவும் சூட்டப்பட்டன. டயோனைசஸுக்கு ஐவிக் கொடியும் திராட்சையும், டிமீட்டருக்குத் தானியக் கதிரும், ஹெர்மிஸுக்குச் சிறகு வைத்த தொப்பியும் அடையாளம். ஏதீனாவுக்குப் பூவளையம் சூட்டினால் அவள் யாரென்றே தெரியாது. நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட போர்த் தலைக்கவசம் ஒன்றே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான இலைகளைக் கட்ட விரும்புகிறவர்கள் லாரலைப் போல நீண்டிருக்கிறதே என்று அரளி இலையைப் பறித்துவிடக் கூடாது. அந்தச் செடி முழுவதும் நஞ்சு.

அதிகமாகச் செய்யப்படுவதும் அதிகமாகச் சொதப்புவதும், தலைமுடிக்குப் பதிலாகப் பாம்புகள் நெளியும் மெடூசாதான். கோர்கன்கள் எனப்படும் மூன்று சகோதரிகளில் மரணம் உள்ளவள் அவள் ஒருத்தியே. பழங்காலக் கிரேக்கச் சிற்பங்களில் அவள் வட்ட முகமும் பன்றித் தந்தமும் வெளியே தொங்கும் நாக்குமாகக் கோரமாக இருக்கிறாள். அழகிய பெண்முகம் பிற்கால வழக்கம். எதைச் செய்தாலும் சரிதான், ஆனால் இரண்டையும் கலந்தால் எதுவும் நிற்காது. ஒரே நீளமுள்ள பாம்புகளை ஒரே இடைவெளியில் நட்டுக்குத்தாக நிறுத்துவது இதிலுள்ள பெரிய பிழை. பார்ப்பவர் கண்ணுக்கு அது சூரியதேவன் ஹீலியஸின் கதிர்க்கிரீடம் போலத் தோன்றும். பாம்புகளின் பருமன் மாறுபட வேண்டும். மூன்று நான்கு தலைகள் மட்டும் முன்னோக்கி எழும்ப, மற்றவை கூந்தலோடு கூந்தலாகப் படிந்து பின்கழுத்துக்கு இறங்க வேண்டும்.

எடை இன்னொரு பிரச்சினை. கெட்டியான ரப்பர் பாம்புகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் ஹேர்பேண்ட் பின்னால் சரியும், அல்லது காதுகளுக்குப் பின்புறம் அழுத்தித் தலைவலியைத் தரும். ஏறக்குறைய 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியின் மேல் பஞ்சும் ஃபெல்ட் துணியும் சுற்றிச் செய்த பாம்பு இலேசானது, விரும்பியபடி வளையவும் செய்யும். கம்பி முனையை வெட்டியபடியே விட்டுவிடாமல், சிறு வளையமாக மடக்கித் துணிக்குள் மறைக்க வேண்டும். ஒவ்வொரு பாம்பின் அடியையும் பட்டையோடு நூலால் இறுக்கிக் கட்டிய பின்னரே பசை வைக்க வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் க்ளூ கன் பசை மட்டும் நெடுநேரம் பிடித்து நிற்காது.

பசையும் பெயிண்ட்டும் பொருளையே கெடுத்துவிடக்கூடும் என்பதைப் பலர் வேலை முடிந்த பிறகே அறிகிறார்கள். அதிகச் சூட்டில் வரும் பசை தெர்மாகோலை உருக்கும். சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட்டில் உள்ள கரைப்பான் அதைத் தின்றே விடும். மென்மையான ரப்பர் பாம்பின் மேல் அடித்த சில பெயிண்ட்டுகள் காயாமல் பிசுபிசுத்தே கிடக்கும். ஆகவே வெட்டி எறிந்த துண்டு ஒன்றில் முதலில் அடித்துப் பார்ப்பது நல்லது. ஃபோம் ஷீட் பெயிண்ட்டை உறிஞ்சும் என்பதால், நீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு மூன்று முறை பூசிக் காயவிட வேண்டும். பச்சை பிளாஸ்டிக் இலையின் மேல் நேரடியாகப் பொன்னிறம் அடித்தால் பொம்மைக் கடைச் சாயல் போகாது. அடியில் பழுப்பு, அதன் மேல் பொன்னிறம், கடைசியில் நீர்த்த அடர்பழுப்பைத் தடவி உடனே துடைத்தெடுத்தால் நரம்புப் பள்ளங்களில் மட்டும் அது தங்கி, பழைய உலோகத்தின் தோற்றம் வரும்.

அளவை வெறும் தலையில் எடுக்காமல், அன்று போடவிருக்கும் கொண்டையோடோ விக்கோடோ எடுக்க வேண்டும். பட்டையின் உட்புறத்தில் ஃபெல்ட் ஒட்டி, ஹேர்பின் நுழையச் சிறு துணி வளையங்களைத் தைத்துவைத்தால் வழுக்காது. முடிந்ததும் அரைமணி நேரமாவது அணிந்து குனியவும் திரும்பவும் வேண்டும். கண்ணருகே தொங்கும் பாம்புத் தலை, கதவு நிலையில் இடிக்கும் கதிர் போன்றவை அப்போதுதான் தெரியும். ஃபோமும் செயற்கை இலையும் எளிதில் தீப்பற்றும் என்பதால், மெழுகுவத்தி ஏற்றிய மேசையருகே அதை அணிந்துகொண்டு குனியக் கூடாது.