“புரிஞ்சுதா?” என்று கேட்காமல் ஆபீஸில் ட்ரெய்னிங் எடுப்பது எப்படி?

முதல் தடவை என்னிடம் ஒரு ட்ரெய்னிங்கை ஒப்படைத்தபோது 62 ஸ்லைடு தயார் செய்தேன். புதிதாக வந்த பில்லிங் மென்பொருளை 14 பேருக்கு ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்றேன். 14 தலையும் ஆடின. மறுநாள் மதியத்துக்குள் அவர்களில் 9 பேர் என் மேசைக்கு வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: போட்ட பில்லை எப்படி ரத்து செய்வது? அதைத்தான் 41வது ஸ்லைடில் விளக்கமாகப் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஸ்லைடு செய்யவும் ப்ரொஜெக்டரை இணைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரே ஒரு வரி எழுதுங்கள்

வகுப்பு முடிந்து எழுந்து போகிறவர் என்ன செய்வார்? “புரிந்துகொள்வார்”, “அறிந்துகொள்வார்” என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. “தவறாகப் போட்ட பில்லை யார் உதவியும் இல்லாமல் ரத்து செய்வார்” என்று எழுதினால் பார்த்துச் சரிபார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு இப்படி மூன்று வரி இருந்தாலே அதிகம்.

படி 2: ஸ்லைடை வெட்டுங்கள்

அந்த வரிக்கு உதவாத ஸ்லைடு எல்லாம் போகட்டும். என் 62, 17 ஆனது. வெட்டியது எதையும் யாரும் இன்றுவரை தேடவில்லை.

திரையில் இருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள். படத்தைக் காட்டிப் பேசும்போது, பேசுகிற அதே வாசகங்களைத் திரையிலும் போட்டால் கற்பது பொதுவாகக் குறைகிறது என்பது ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளரின் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்றால் தனித்தாளாகக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு: பவர்பாயிண்ட் போதும். அழகழகான டெம்ப்ளேட் தேடி ஒரு மாலைப்பொழுதைத் தொலைக்காதீர்கள். அதற்குப் பதில் இரண்டு விசைகளைப் பழகுங்கள். ஸ்லைடு ஓடும்போது ‘பி’ விசையைத் தட்டினால் திரை கறுத்துவிடும், எல்லார் பார்வையும் உங்களிடம் திரும்பும். ஸ்லைடு எண்ணைத் தட்டி எண்டர் கொடுத்தால் நேராக அங்கே போய்விடலாம். கேள்வி வந்ததும் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அனிமேஷன் வேண்டவே வேண்டாம்.

படி 3: கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

“புரிஞ்சுதா?” என்பது கேள்வியே இல்லை. ஆமாம் என்றால் வேலை முடிந்தது. இல்லை என்றால் சக ஊழியர்கள் முன்னால் தன்னை மக்காகக் காட்டிக்கொள்ள வேண்டும். யார் சொல்வார்கள்? “சந்தேகம் இருக்கா?” என்பதும் அதே ரகம்தான்.

அதனால் வேலையைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்: “இந்த பில்லில் வாடிக்கையாளர் பெயர் தப்பா இருக்கு. முதல்ல எந்த பட்டனை அழுத்துவீங்க?” நல்ல கேள்வி. ஆனால் கேட்ட இரண்டாவது விநாடியே பதிலையும் நானே சொல்லிவிட்டேன். அமைதி அவ்வளவு பயமாக இருந்தது.

இது என் வியாதி மட்டும் இல்லை. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளில் கவனித்து 1974இல் எழுதியது: கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, தாமாகவே பதில் சொல்கிறவர்கள் கூடுகிறார்கள். நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணுகிறேன். முடியவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குடிக்கிறவர் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏழு எண்ணியும் பேச்சு வரவில்லையா? ஒரு நிமிடம் தாளில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள், பிறகு பொதுவில் கேளுங்கள். பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழைய உத்தி, 1981இல் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதியது. “நாங்க ரெண்டு பேரும் இப்படி நினைச்சோம்” என்று சொல்லும்போது கூச்சம் பாதியாகிறது.

தப்பான பதில் வந்தால் “தப்பு” என்று வெட்டாதீர்கள். “எதை வச்சு அப்படி எழுதினீங்க?” என்று கேளுங்கள். இரண்டாவது தடவை இதே வகுப்பை எடுத்தபோது பாதிப் பேர் ‘ரத்து’ பட்டனுக்குப் பதில் ‘நீக்கு’ என்று எழுதியிருந்தார்கள். காரணம் கேட்டபோது ஒருவர் சொன்னார்: “நீங்கதான் சார் ரெண்டையும் மாத்தி மாத்தி சொன்னீங்க.” உண்மைதான். ‘நீக்கு’ வரைவை அழிக்கும். ‘ரத்து’ கணக்கில் ஏறிய பில்லைத் திருப்பும். என் வாய்க்கு இரண்டும் ஒன்றாகியிருந்தன.

படி 4: மவுஸைத் தொடாதீர்கள்

முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், அடுத்து எல்லாரும் சேர்ந்து, கடைசியில் அவரவர் தனியாக. மூன்றாவதுக்குத்தான் பாதி நேரம் போக வேண்டும். யாராவது திணறினால் குனிந்து மவுஸை வாங்கிவிடத் தோன்றும். வாங்கினால் கற்றது உங்கள் கைதான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன்.

படி 5: பதிவு செய்து கேளுங்கள்

ஃபோனில் குரலை மட்டும் பதிவு செய்தால் போதும். ஒத்திகையின் இருபது நிமிடத்தில் நான் 43 தடவை “ஓகேவா” சொல்லியிருந்தேன். உங்களுக்கு “வந்து” ஆகவோ “சரிங்களா” ஆகவோ இருக்கலாம். எண்ணிப் பார்த்தாலே பாதி குறையும்.

படி 6: ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்

பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடலாம் என்ற கருத்தை டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதத் தொடங்கினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. வகுப்பு முடிந்ததும் நீட்டும் கருத்துப் படிவம் பெரும்பாலும் முதல் நிலையைத்தான் தொடுகிறது. என் 62 ஸ்லைடு வகுப்புக்கும் 5க்கு 4.6 போட்டிருந்தார்கள்! இப்போது ஒரு வாரம் கழித்து மூன்று பேரிடம் போய், “ஒரு பில்லை ரத்து செய்து காட்டுங்க” என்கிறேன்.

பிற்சேர்க்கை: ஆன்லைனில் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டால் ஏழு எண்ணி என்ன பயன் என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். நியாயம். அங்கே சாட்டில் பதிலைத் தட்டச்சு செய்யச் சொல்லி, “நான் சொல்லும்வரை எண்டர் தட்டாதீங்க” என்பேன். ஒரு நிமிடம் கழித்து எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். முதல் பதிலைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடிக்க முடியாது.

இன்னொரு பிற்சேர்க்கை: மேலாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வெளியே போகச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. வகுப்புக்கு முன்பே அவரிடம் பேசி, முதல் பயிற்சியை அவரையும் செய்யச் சொல்லிவிடுவேன். போன மாதம் அப்படி உட்கார்ந்த ஒருவர் முதல் ஆளாக ‘நீக்கு’ பட்டனை அழுத்தினார். அதற்கப்புறம் அந்த அறையில் கேள்விகளை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது.