ஆன்லைன்ல டாக்டர்கிட்ட பேசி ஆன்டிபயாட்டிக் வாங்குறது எப்படி? யூரின் இன்ஃபெக்ஷனை வச்சு ஒரு செய்முறை

யூரின் போகும்போது எரியுது, போயிட்டு வந்து உக்காந்த உடனே மறுபடி போகணும் போல இருக்கு, போனா ரெண்டு சொட்டுதான் வருது, அடிவயிறு வேற இழுத்துப் பிடிக்குது. நிறைய பொண்ணுங்களுக்கு தெரிஞ்ச வேதனை இது. ஞாயித்துக்கிழமை பாத்து வரும், கிளினிக் பூட்டியிருக்கும், இல்ல இதப்போய் எப்படி நேர்ல சொல்றதுன்னு கூச்சமா இருக்கும், உடனே தெருமுனை மெடிக்கல்ஸ்ல "அண்ணே நீர்க்கடுப்புக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டு அவர் கிழிச்சு குடுக்குற நாலு மாத்திரைய போட்டுட்டு படுத்துடுவோம். தயவுசெஞ்சு இத மட்டும் பண்ணாதீங்க. வீட்டுல இருந்தே டாக்டர்கிட்ட பேசி முறையா சீட்டு வாங்க முடியும், செலவே இல்லாமலும் முடியும்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். நீங்க ஆப்ப திறக்குறது டாக்டர பாக்குறதுக்கு, மாத்திரைக்கு கையெழுத்து வாங்குறதுக்கு இல்ல. ஆன்டிபயாட்டிக் வேணுமா வேணாமான்னு அவர்தான் முடிவு பண்ணணும். சளி, ஜலதோஷம், ஃப்ளூ இதெல்லாம் வைரஸ், அதுக்கு ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் பண்ணாது, டாக்டர் எழுதலைன்னா சண்டை போடாதீங்க.

முதல்ல: இது ஆன்லைன்ல பாக்குற கேஸ்தானா?

குளிர் ஜுரம், முதுகுல விலா எலும்புக்கு கீழ ஒரு பக்கமா வலி, வாந்தி, இதுல எது இருந்தாலும் இன்ஃபெக்ஷன் கிட்னி வரைக்கும் போயிருக்கலாம், ஃபோன வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. மயக்கமா இருக்கு, பேச்சு குழறுதுன்னா 108தான். கர்ப்பமா இருக்கவங்க, சின்ன குழந்தைங்க, ஆம்பளைங்க, கிட்னில கல்லு இருக்கவங்க, சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, இவங்கல்லாம் நேர்லயே காட்டுறது நல்லது. எங்க போறதுன்னே புரியலைன்னா தமிழ்நாட்டுல 104க்கு அடிச்சு கேக்கலாம்.

எங்க பாக்குறது?

மத்திய அரசோட ஆன்லைன் டாக்டர் சேவை இ-சஞ்சீவனி இருக்கு, கொரோனா சமயத்துல 2020 ஏப்ரல்ல வீட்டுல இருந்தே பாக்குற மாதிரி ஓபிடி (வெளி நோயாளி பிரிவு) ஆரம்பிச்சாங்க, இப்பவும் ஓடுது, முழுசா இலவசம். ஆப்பும் இருக்கு வெப்சைட்டும் இருக்கு. மொபைல் நம்பர் போட்டு ஓடிபி வாங்கி, பேரு வயசு எல்லாம் குடுத்து, மாநிலத்தையும் ஓபிடியையும் செலக்ட் பண்ணா வரிசைல சேத்துடுவாங்க, உங்க முறை வந்ததும் வீடியோ கால்ல டாக்டர் வருவார். ஓபிடி நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அத முதல்லயே பாத்துக்கோங்க. அவசரமா வேணும்னா பிராக்டோ, அப்போலோ 24/7 மாதிரி பிரைவேட் ஆப் இருக்கு, காசு கட்டணும். யூரின் பிரச்சனைக்கு ஜெனரல் பிசிஷியனே போதும், பெரிய ஸ்பெஷலிஸ்ட் தேட வேண்டியதில்ல. லேடி டாக்டர் வேணும்னா பிரைவேட் ஆப்ல பாத்து செலக்ட் பண்ணிக்கலாம்.

எதுல போனாலும் வீடியோ கன்சல்டேஷனே எடுங்க. 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, சீட்டு இல்லாமலே விக்கலாம்னு இருக்குற சாதாரண மாத்திரைய தவிர மத்தத முதல் தடவை பாக்குற பேஷன்ட்டுக்கு எழுத வீடியோ வேணும். வெறும் சாட்ல "எரியுதா? சரி இந்தாங்க"ன்னு ஆன்டிபயாட்டிக் அனுப்புற இடத்துல இருந்து ஒதுங்கிடுங்க. பதினெட்டு வயசுக்கு கீழ இருந்தா கூட ஒரு பெரியவங்க இருக்கணும்.

கால் வர்றதுக்கு முன்னாடி எழுதி வைங்க

வெயிட் பண்ற நேரத்துல இத பண்ணிடுங்க, ஏன்னா கால் வந்ததும் பாதி மறந்துடும், அதுவும் வீட்டுல எல்லாரும் சுத்தி இருந்தா இன்னும் மோசம், அதனால கதவ சாத்திட்டு ஹெட்செட் மாட்டிக்கோங்க. பிரச்சனைய எழுதுற கட்டத்துல வெறுமனே "யூரின் இன்ஃபெக்ஷன்"னு போடாதீங்க, அது என்னன்னு கண்டுபிடிக்க வேண்டியது டாக்டர். உங்களுக்கு என்ன நடக்குதோ அத எழுதுங்க, இந்த மாதிரி:

"வயசு 34, பெண். ரெண்டு நாளா யூரின் போகும்போது எரிச்சல், அடிக்கடி போகுது, அடிவயிறு வலி. காய்ச்சல் இல்ல, முதுகு வலி இல்ல, வாந்தி இல்ல. வெள்ளைப்படுதல் இல்ல. கர்ப்பம் இல்ல, கடைசி பீரியட்ஸ் பத்து நாள் முன்னாடி. ஆறு மாசம் முன்னாடி இதே மாதிரி வந்து மாத்திரை போட்டேன், சீட்டு ஃபோட்டோ வச்சிருக்கேன். சல்ஃபா மாத்திரை போட்டா தடிப்பு வரும். தைராய்டு மாத்திரை தினமும் போடுறேன்."

இவ்ளோதான், ஆனா இதுல ஒவ்வொரு வரியும் டாக்டருக்கு வேணும். அலர்ஜி, கர்ப்பம், கிட்னி பிரச்சனை, தினமும் போடுற மாத்திரை, இந்த நாலையும் அவர் கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க. பால் குடுக்குற அம்மாவா இருந்தா அதையும் சொல்லுங்க. ஏற்கனவே மெடிக்கல்ஸ்ல வாங்கி ரெண்டு மாத்திரை போட்டுட்டீங்கன்னா அத மறைக்காதீங்க, அட்டைய கேமரா முன்னாடி காட்டுங்க, அது தெரிஞ்சாதான் டெஸ்ட் ரிசல்ட்ட அவரால சரியா படிக்க முடியும்.

யூரின் கல்ச்சர் கேளுங்க

இந்த இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியம். கல்ச்சர்னா யூரின்ல இருக்க கிருமிய லேப்ல வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்குற டெஸ்ட். யூரின் இன்ஃபெக்ஷனுக்கு பெரும்பாலும் காரணம் இ.கோலை பாக்டீரியா, நம்ம ஊர்ல அது சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி பழகின மருந்துக்கு பல சமயம் அடங்குறதே இல்ல, ஏன்னா நம்ம எல்லாருமா சேந்து கண்டபடி போட்டு பழக்கி விட்டிருக்கோம். அதனால "டாக்டர், மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கல்ச்சர் குடுத்துடவா?"ன்னு கேளுங்க, முக்கியமா அடிக்கடி வர்றவங்க கேக்கணும். சாம்பிள முதல் மாத்திரைக்கு முன்னாடியே எடுக்கணும், போட்டப்புறம் எடுத்தா கிருமி வளராம போயிடலாம்.

லேப்ல குடுக்குற ஸ்டெரைல் டப்பாதான், வீட்டு பாட்டில் ஆகாது. தண்ணியால சுத்தம் பண்ணிட்டு, முதல்ல வர்ற யூரின விட்டுட்டு நடுவுல வர்றத பிடிங்க, டப்பாவோட உள்பக்கத்துல விரல் படக்கூடாது. உடனே லேப்ல குடுத்துடுங்க, லேட் ஆகும்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க. ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, சாம்பிள் குடுத்த கையோட டாக்டர் எழுதினத ஆரம்பிக்கலாம்.

சீட்டு வந்ததும் இத பாருங்க

டாக்டர் பேரு, எம்பிபிஎஸ் படிச்சவரான்னு, ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், தேதி, உங்க பேரு வயசு, மருந்தோட பேரு, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள், கையெழுத்து, இதெல்லாம் இருக்கணும். சந்தேகம்னா அந்த நம்பர தேசிய மருத்துவ ஆணைய வெப்சைட்லயோ தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்லயோ போட்டு தேடிப் பாக்கலாம். புரியாத எதையும் கால் கட் ஆகுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, இரும்புச்சத்து கால்சியம் மாத்திரையோட போடலாமா, ஒரு வேளை மறந்தா என்ன பண்றது. சில ஆன்டிபயாட்டிக் பால், கால்சியத்தோட சேந்தா உடம்புல ஒழுங்கா ஏறாது.

மெடிக்கல்ஸ்ல இந்த டிஜிட்டல் சீட்ட ஃபோன்ல காட்டலாம், பிரிண்ட் எடுத்தும் போகலாம். அட்டைய திருப்பிப் பாருங்க, செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாம தொடாதேன்னு அர்த்தம், 2016ல இத மக்களுக்கு புரிய வைக்க அரசாங்கமே பிரச்சாரம் பண்ணுச்சு. சில வலுவான ஆன்டிபயாட்டிக் எச்1 லிஸ்ட்ல, அதாவது கூடுதல் கட்டுப்பாட்டோட விக்க வேண்டிய மருந்துங்களோட அரசு பட்டியல்ல இருக்கு, 2014ல இருந்து அத விக்கும்போது கடைக்காரர் உங்க பேரு, டாக்டர் பேரு, எத்தனை மாத்திரைன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும், பேரு கேட்டா தயங்காம சொல்லுங்க. "அது இல்ல, இது அதைவிட ஸ்ட்ராங்"னு வேற மருந்து நீட்டினா வாங்காதீங்க, கம்பெனி பேரு மாறலாம், உள்ள இருக்க மருந்தும் மில்லிகிராமும் மாறக்கூடாது. எழுதின முழு எண்ணிக்கையையும் ஒரே தடவைல வாங்கிடுங்க.

மாத்திரை போட ஆரம்பிச்சப்புறம்

எரிச்சல் நின்னுடுச்சுன்னு நீங்களா பாதில நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. உடம்பெல்லாம் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரை வேணாம், நேரா எமர்ஜென்சி. ரெண்டு நாள் போட்டும் குறையல, இல்ல காய்ச்சல் வந்துடுச்சுன்னா ஆன்லைன்ல இன்னொரு டாக்டர தேடாம நேர்ல போங்க.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் அதே டாக்டருக்கு காட்டுங்க, இ-சஞ்சீவனில வேற டாக்டர் வந்தா பழைய சீட்டையும் சேத்து அப்லோட் பண்ணுங்க. ரிப்போர்ட்ல ஒவ்வொரு மருந்து பக்கத்துலயும் எஸ், ஐ, ஆர்னு எழுத்து இருக்கும், எஸ்னா கிருமி அடங்கும், ஆர்னா அடங்காது, ஐ ரெண்டுக்கும் நடுவுல. நீங்க போடுற மருந்துக்கு நேர ஆர் இருந்தா பதறாதீங்க, எஸ் போட்டிருக்குறதுல பெருசா தெரியிற ஊசிய நீங்களா வாங்கவும் வாங்காதீங்க, எரிச்சல் எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு சொல்லுங்க, மாத்தணுமா வேணாமான்னு அத வச்சு டாக்டர் சொல்வார்.