இணையத்தளத்தில் எந்தப் பொத்தான் அழுத்தப்படுகிறது என்பதைப் பதிவுசெய்வது எப்படி?

உங்கள் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதைக் கூகுள் அனலிடிக்ஸ் எளிதாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் செய்திமடல் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள், மேலே இருப்பதை அழுத்தினார்களா, அடியில் இருப்பதை அழுத்தினார்களா என்பதை அது தானாகச் சொல்லாது. அந்த விடை கையில் இல்லாமல் பக்கத்தின் வடிவமைப்பை மாற்றுவது ஊகத்தின் பேரில் செய்யும் வேலை. என் தளத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது கூகுள் டேக் மேனேஜரையும் (‘டேக்’ எனப்படும் அளவீட்டு நிரல்துண்டுகளைத் தளத்தில் சேர்த்து நிர்வகிக்கும் கருவி) அனலிடிக்ஸ் 4-ஐயும் (சுருக்கமாக ஜி.ஏ.4) இணைத்து விடை கண்டேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டிலும் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது என்றும், டேக் மேனேஜர் தரும் நிரல்துண்டுகளைத் தளத்தின் வார்ப்புருவில் ஒட்டிவிட்டீர்கள் என்றும், மேனேஜருக்குள் ‘கூகுள் டேக்’ ஒன்றை உருவாக்கி எல்லாப் பக்கங்களிலும் இயங்குமாறு வைத்திருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் ‘கேட்டகரி, ஆக்‌ஷன், லேபிள்’ என்று மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்லியிருந்தால் அவற்றை மூடிவிடுங்கள். அவை முந்தைய வடிவமான யுனிவர்சல் அனலிடிக்ஸ் காலத்தவை; அது 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்திவிட்டது.

ஏற்கெனவே பதிவாவது எது?

புதிதாக எதையும் அமைப்பதற்கு முன்பு, அனலிடிக்ஸின் அட்மின் பகுதியில் உங்கள் தளத்துக்குரிய ‘டேட்டா ஸ்ட்ரீமை’த் திறந்து ‘என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்’ இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கினால், வெளித்தளங்களுக்குச் செல்லும் இணைப்புகள் மீதான சொடுக்கு, கோப்புப் பதிவிறக்கம், தளத்துக்குள் தேடல், பக்கத்தின் 90 சதவீத ஆழம் வரை உருட்டிச் செல்லுதல் ஆகியவை ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருக்கும். இவற்றுக்காக நீங்கள் தனியாக டேக் எழுதினால் ஒரே செயல் இருமுறை எண்ணப்படும். பதிவாகாமல் விடுபடுபவை உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கும் பொத்தான்கள், பட்டியல்கள், தாவல்கள் ஆகியவையே. மின்னஞ்சல் இணைப்புகளும் தொலைபேசி இணைப்புகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நம் வேலை இவற்றோடுதான்.

எதையெல்லாம் அளக்கப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும், அந்த எண்ணிக்கை தெரிந்தால் தளத்தில் எதை மாற்றுவீர்கள் என்றும் எழுதுங்கள். எதிரே எழுத ஒன்றும் தோன்றாதவற்றை அடித்துவிடலாம். எல்லாச் சொடுக்குகளையும் சேர்த்துவைத்தால் பின்னால் உதவும் என்ற எண்ணம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். அப்படிச் சேரும் குவியலிலிருந்து ஒரு விடையைப் பிரித்தெடுப்பது, அதைச் சேர்ப்பதைவிடப் பலமடங்கு கடினம்.

வேரியபிள்களும் டிரிகரும்

டேக் மேனேஜரின் இடப்புறத்தில் ‘வேரியபிள்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘கான்ஃபிகர்’ என்பதை அழுத்தி, ‘கிளிக்’ என்று தொடங்கும் எல்லா வேரியபிள்களையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். சொடுக்கப்பட்ட உறுப்பு எது, அதன் கிளாஸ் (எச்.டி.எம்.எல்.லில் உறுப்புக்கு வைக்கும் வகைப்பெயர்) என்ன, ஐ.டி. என்ன, அதன்மேல் இருக்கும் சொற்கள் எவை, அது எந்த முகவரிக்குச் செல்கிறது என்பன இவற்றின் வழியாகவே கிடைக்கும்.

அடுத்தது டிரிகர், அதாவது டேக் எப்போது இயங்கவேண்டும் என்று சொல்லும் நிபந்தனை. இங்கே ‘ஆல் எலிமென்ட்ஸ்’, ‘ஜஸ்ட் லிங்க்ஸ்’ என்று இரண்டு வகைகள் இருக்கின்றன. நீங்கள் அளக்க விரும்புவது ஓர் உண்மையான இணைப்பாக இருந்தால், அது பார்வைக்குப் பொத்தான் போல இருந்தாலும், இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள், மற்றவற்றுக்கு முதலாவது. ‘ஜஸ்ட் லிங்க்ஸ்’ வகையில் ‘வெயிட் ஃபார் டேக்ஸ்’ என்றொரு பெட்டி இருக்கும். டேக் ஓடி முடியும் வரை பக்கம் மாறுவதைத் தாமதப்படுத்துவது அதன் வேலை. பக்கம் மாறினாலும் தரவைப் பின்னணியில் அனுப்பிவைக்கும் வசதி இன்றைய உலாவிகளில் இருப்பதாலும், அனலிடிக்ஸ் அதைப் பயன்படுத்துவதாலும், அந்தப் பெட்டியைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

பொத்தானுக்குள் இருக்கும் சின்னம்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. பலருடைய டிரிகர்கள் காரணம் தெரியாமல் பாதிச் சொடுக்குகளைத் தவறவிடுவதும் இங்கேதான். பொறுமையாகப் பாருங்கள்.

செய்திமடல் பொத்தானுக்கு ஒரு கிளாஸ் இருக்கிறது. ‘கிளிக் கிளாசஸ்’ என்ற வேரியபிளில் அந்தப் பெயர் இருந்தால் டிரிகர் இயங்கட்டும் என்று நிபந்தனை வைக்கிறோம். சோதித்துப் பார்த்தால் சில முறை இயங்குகிறது, சில முறை இயங்குவதில்லை. பொத்தானின் வெற்றுப்பகுதியில் அழுத்தினால் பதிவாகிறது. அதில் இருக்கும் கடித உறைச் சின்னத்தின் மீது அழுத்தினால் பதிவாவதில்லை. ஏனென்றால் உலாவி, சுட்டியின் நேர்கீழே இருக்கும் ஆக உள்ளார்ந்த உறுப்பைத்தான் சொடுக்கப்பட்ட உறுப்பாகச் சொல்கிறது. பொத்தானுக்குள் எஸ்.வி.ஜி. (ஒரு பட வடிவம்) சின்னம் இருந்தால் அந்தச் சின்னமே சொடுக்கப்பட்ட உறுப்பு. அதற்குப் பொத்தானின் கிளாஸ் கிடையாது. ‘ஜஸ்ட் லிங்க்ஸ்’ டிரிகரில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், அது உள் உறுப்பிலிருந்து மேல்நோக்கிச் சென்று, தன்னைச் சூழ்ந்திருக்கும் இணைப்பைத் தானே கண்டுபிடித்துவிடுகிறது என்பதுதான்.

தீர்வுகள் இரண்டு. முதலாவது, நிபந்தனையை ‘கிளிக் எலிமென்ட்’ என்றும், ஒப்பீட்டை ‘மேட்சஸ் சி.எஸ்.எஸ். செலக்டர்’ (செலக்டர் என்பது உறுப்புகளைச் சுட்டும் குறியீடு) என்றும் மாற்றி, மதிப்புக் கட்டத்தில் இப்படி எழுதுவது: ஒரு புள்ளி, அதை ஒட்டிக் கிளாஸின் பெயர், பிறகு காற்புள்ளி, மீண்டும் புள்ளியோடு அதே பெயர், ஓர் இடைவெளி, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. முதல் பாதி பொத்தானையும், நட்சத்திரம் உள்ள இரண்டாம் பாதி பொத்தானுக்குள் இருக்கும் எல்லா உறுப்புகளையும் குறிக்கும். அந்த இடைவெளி இல்லாமல் எழுதினால் செலக்டரே செல்லாததாகிவிடும் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

டிரிகர் இயங்குவதற்கு இது போதும். ஆனால் சின்னத்தின் மீது அழுத்தும்போது ‘கிளிக் டெக்ஸ்ட்’ வேரியபிள் காலியாகவே இருக்கும், ஏனென்றால் சின்னத்துக்குள் சொற்கள் இல்லை. அந்தச் சொற்களும் உங்களுக்கு வேண்டுமென்றால் இரண்டாவது தீர்வுதான் சரி: தளத்தின் சி.எஸ்.எஸ். கோப்பில், பொத்தானுக்குள் இருக்கும் உறுப்புகளுக்குப் ‘பாயின்டர்-ஈவென்ட்ஸ்’ என்ற பண்பை ‘நன்’ என்று வைத்துவிடுவது. அதன்பின் சின்னத்தின் மீது விழும் சொடுக்கும் பொத்தானின் மீது விழுந்ததாகவே கணக்காகும். வார்ப்புருவைத் தொடும் உரிமை உங்களுக்கு இருந்தால் இதையே செய்யுங்கள். எல்லா டிரிகர்களும் ஒரே அடியில் நேராகிவிடும். பொத்தானுக்குள் தனியாக அழுத்தவேண்டிய இன்னோர் உறுப்பு இருந்தால் மட்டும் இந்த வழி ஆகாது.

டேக்கும் பெயரும்

புதிய டேக் ஒன்றை உருவாக்கி, வகையை ‘ஜி.ஏ.4 ஈவென்ட்’ என்று தேர்ந்தெடுத்து, அளவீட்டு எண்ணை (‘மெஷர்மென்ட் ஐ.டி.’) இட்டு, மேலே செய்த டிரிகரை இணையுங்கள். நிகழ்வின் பெயர் 40 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. இடைவெளி கூடாது, அடிக்கோடு வரலாம். ஆங்கிலத்தில் பெயரிடுவதானால் சிற்றெழுத்துகளையே எப்போதும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் பேரெழுத்தில் தொடங்கும் பெயரையும் சிற்றெழுத்தில் தொடங்கும் பெயரையும் அனலிடிக்ஸ் இருவேறு நிகழ்வுகளாகக் கொள்ளும்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் வைப்பதைவிட, ‘பட்டன்_கிளிக்’ என்று ஒரே நிகழ்வை வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தான், பக்கத்தின் எந்த இடத்தில் என்ற விவரங்களைப் பாராமீட்டர்களாக அனுப்புவதே எனக்குப் பிடித்த முறை. ஆறு மாதம் கழித்து இன்னொரு பொத்தானைச் சேர்க்கும்போது அறிக்கைகளை மாற்றவேண்டிய தேவை இருக்காது.

பாராமீட்டரில் வருகையாளரின் மின்னஞ்சல் முகவரியோ பெயரோ தொலைபேசி எண்ணோ ஒருபோதும் செல்லக்கூடாது. கூகுளின் விதிகள் அதை வெளிப்படையாகத் தடைசெய்கின்றன. விதி இல்லையென்றாலும் நாம் செய்யக்கூடாத செயல் அது. சில தளங்களில் பக்க முகவரியின் வால்பகுதியிலேயே உறுப்பினரின் மின்னஞ்சல் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘கிளிக் யு.ஆர்.எல்.’ வேரியபிளை அப்படியே அனுப்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

சோதனை

‘பிரிவியூ’வை அழுத்தி உங்கள் தளத்தைத் திறந்தால், ‘டேக் அசிஸ்டன்ட்’ தனித் தாவலில் ஒவ்வொரு நிகழ்வையும் வரிசையாகக் காட்டும். பொத்தானை நடுவிலும் ஓரத்திலும் சின்னத்தின் மீதும் அழுத்திப் பாருங்கள். இடப்புறப் பட்டியலில் ‘கிளிக்’ அல்லது ‘லிங்க் கிளிக்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்து ‘வேரியபிள்ஸ்’ தாவலுக்குச் சென்றால், உலாவி எந்த உறுப்பைச் சொடுக்கப்பட்டதாகக் கருதியது என்பது தெளிவாகத் தெரியும். நிபந்தனை பொருந்தாதபோது காரணத்தைத் தேடவேண்டிய இடம் இதுவே. அனலிடிக்ஸின் ‘டீபக் வியூ’விலும் நிகழ்வு வந்து சேர்ந்த பிறகுதான் ‘சப்மிட்’ செய்து வெளியிட வேண்டும். பலர் பிரிவியூவோடு நின்றுவிட்டு, மறுநாள் அறிக்கை காலியாக இருக்கிறதே என்று திகைக்கிறார்கள். வெளியிடாத மாற்றம் உங்கள் உலாவியில் மட்டுமே இயங்கும்.

வெளியிட்ட அன்றே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பும் பாராமீட்டர்கள் அறிக்கையில் தெரியவேண்டுமென்றால், அட்மின் பகுதியில் அவற்றை ‘கஸ்டம் டைமென்ஷன்’களாகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்த பிறகு வரும் தரவு மட்டுமே தெரியும். முந்தைய நாள்களுக்கு அது பின்னோக்கிச் செல்லாது. மதிப்புகள் தெரியவரவும் 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். தரவை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற ‘டேட்டா ரிடென்ஷன்’ அமைப்பு தொடக்கத்தில் 2 மாதங்கள் என்று இருக்கும். அதை 14 மாதங்களாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் ‘எக்ஸ்ப்ளோர்’ பகுதியில் கடந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் போகும்.

பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அடியில் இருக்கும் பொத்தானை மிகச் சிலரே அழுத்தினார்கள் என்றால், அது பிடிக்கவில்லை என்று பொருளா, அதுவரை யாரும் உருட்டி வரவில்லை என்று பொருளா? சொடுக்கின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. ‘எலிமென்ட் விசிபிலிட்டி’ என்ற டிரிகரைக் கொண்டு, அந்தப் பொத்தான் திரையில் தோன்றியதையும் ஒரு நிகழ்வாக அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் போதும். பார்த்தவர்களில் அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்ற விகிதம் அப்போது கிடைக்கும். முடிவெடுக்கத் தகுந்த எண் அதுவே.

ஏன் அழுத்தவில்லை என்று அறிய, வருகையாளர்கள் பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியைச் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். அது இலவசம், ஒரே இடத்தில் எரிச்சலோடு திரும்பத் திரும்ப அழுத்துவதையும், அழுத்தியும் ஒன்றும் நிகழாத இடங்களையும் பிரித்துக் காட்டுகிறது. தரவு தங்கள் சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய அளவீட்டுக் கருவியான மட்டோமோவையே பரிந்துரைப்பேன். எதைப் பயன்படுத்தினாலும், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வாசகர்கள் வருவார்களானால், ஒப்புதல் பெற்ற பிறகே இந்த டேக்குகள் இயங்கவேண்டும்.

பின்னர் சேர்த்தவை

தமிழ் முகவரிகளைக் கொண்ட தளம் நடத்தும் ஒரு வாசகர், ‘கிளிக் யு.ஆர்.எல்.’ மதிப்பு பாதியிலேயே வெட்டுப்படுகிறது என்று எழுதியிருந்தார். பாராமீட்டரின் மதிப்புக்கு 100 எழுத்துகளே வரம்பு. முகவரியில் இருக்கும் தமிழ் எழுத்து சதவீதக் குறிகளோடு மாற்றி எழுதப்படும்போது, ‘க’ ஒன்றே 9 எழுத்துகளாகிறது. ‘கி’ என்பது உயிர்க்குறியோடு சேர்ந்து 18. இரண்டு மூன்று சொற்களிலேயே வரம்பு தாண்டிவிடும். இதற்கு முகவரியை அனுப்பாமல், ஒவ்வொரு இணைப்புக்கும் எச்.டி.எம்.எல்.லில் ‘டேட்டா-’ என்று தொடங்கும் பண்பில் ஒரு குறும்பெயர் கொடுத்து, ‘ஆட்டோ-ஈவென்ட் வேரியபிள்’ வழியாக அதைப் படித்து அனுப்புங்கள்.

எண்ணிக்கை எல்லாம் இரட்டிப்பாக வருகிறது என்று எழுதியவர்களின் தளங்களில், பெரும்பாலும் ஏதோ ஒரு செருகுநிரல் அனலிடிக்ஸை நேரடியாகவும் ஏற்றிக்கொண்டிருந்தது. டேக் மேனேஜர் இருக்கும்போது அந்தச் செருகுநிரலின் அமைப்பை நிறுத்திவிட வேண்டும்.

பிரிவியூவில் ‘கிளிக்’ என்ற வரியே தோன்றாவிட்டால், தளத்தின் வேறொரு ஸ்கிரிப்ட் சொடுக்கை மேலே செல்லவிடாமல் ‘ஸ்டாப் புரோபகேஷன்’ கட்டளையால் நிறுத்துகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த ஸ்கிரிப்டுக்குள்ளேயே ‘டேட்டா லேயரு’க்கு (தளம் டேக் மேனேஜருக்குத் தகவல் தரும் இடம்) ஒரு நிகழ்வை அனுப்பி, டேக் மேனேஜரில் ‘கஸ்டம் ஈவென்ட்’ டிரிகரால் அதைப் பிடிக்கலாம். வெளித்தளத்தின் படிவம் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) இருந்தால் இதுவும் உதவாது. அதற்குள் விழும் சொடுக்குகளை உங்கள் பக்கம் பார்க்க உலாவி அனுமதிப்பதில்லை. படிவத்தை வழங்கும் சேவை, சமர்ப்பித்தவரை உங்கள் தளத்தின் நன்றிப் பக்கத்துக்கு அனுப்பும் வசதி தருகிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் வருகையை எண்ணிக்கொள்ளுங்கள்.