ரெட் சிண்ட்ரோம்: பெண் குழந்தையிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, நடை வரவில்லை என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். ரெட் சிண்ட்ரோம் (Rett syndrome) என்னும் அரிய மரபணுக் குறைபாட்டிலோ, வந்தவற்றுள் எவை போயின என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளிடம் மிக அரிது. பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் வளர்ச்சி மந்தமாகி, பிறகு கற்றவை கழியத் தொடங்கும்.

கைகளைக் கவனியுங்கள். தரையில் சிதறிய பொரியை இரு விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிய பிள்ளை, நாளடைவில் அதே பொரியைப் பார்த்துக்கொண்டே கை நீட்டாமல் இருப்பதும், விழித்திருக்கும் நேரமெல்லாம் இரு கைகளையும் நெஞ்சருகே சேர்த்து, துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டோ தட்டிக்கொண்டோ வாயில் வைத்துக்கொண்டோ இருப்பதும் இதன் முதன்மை அடையாளங்கள். தூங்கும்போது அந்த அசைவு நின்றுவிடும். சொல்லிவந்த ஓரிரு சொற்களும் மறையும், நடை தள்ளாடும். தலைச்சுற்றளவின் வளர்ச்சி குறைதல், மூச்சை அடக்குதல், பல் கடித்தல், பின்னாளில் வலிப்பு ஆகியவையும் பலரிடம் காணப்படும். தொடக்கத்தில் இதை ஆட்டிசம் என்று கருதிவிடுவதும் உண்டு.

கண்பட்டது, பயந்துவிட்டது என்று பெரியவர்கள் மந்திரிக்கச் சொல்வார்கள். மந்திரிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அதற்காக மாதங்களைக் கடத்துவதுதான் கூடாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேரும் பிள்ளை, களைத்து உறங்கிக்கூடப் போகலாம். ஆகவே கை அசைவையும் நடையையும் வீட்டிலேயே செல்பேசியில் படம் பிடித்து, முன்பு எடுத்த காணொளிகளோடும் தடுப்பூசி அட்டையோடும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணமான எம்.இ.சி.பி.2 (MECP2) என்னும் மரபணுவை இரத்தத்தில் ஆராய்ந்தால் பெரும்பாலும் உறுதிப்படுத்திவிடலாம். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை என்றாலும், இயன்முறைப் பயிற்சியையும் வலிப்புக்கான மருந்தையும் காலத்தோடு தொடங்க முடியும்.

சொந்தத்தில் மணம் முடித்ததால்தான் இப்படி ஆனது என்று தாயைக் குறை சொல்வது நம் பக்கம் சாதாரணம். அது தவறு. இந்த மரபணு மாற்றம் பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம் புதிதாகவே தோன்றுகிறது. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும், அடுத்த கருவுக்கு முன் தாயும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.